வாட்டம் தெரியாத இயந்திரம்

எங்கள் குளியலறைத் தரை மட்டமாக இருக்காது. இருக்கவும் கூடாது. ரைல்ஸ் பதிக்க வரும் மேசன் நூல் பிடித்து, மட்டக்கோல் வைத்து, வாசலிலிருந்து தண்ணீர் போகும் துவாரத்தை நோக்கி வாட்டம் வைப்பார். வாட்டம் பிழைத்தால் மூலையில் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும், ஆள் வழுக்கி விழும். அதோடு குளியலறைத் தரை வீட்டுத் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அங்குலம் பதிவாக இருக்கும். அப்படிப் பதிக்காத வீடுகளில் வாசலில் ஒரு சீமெந்துக் கட்டு இருக்கும். வாளியில் அள்ளி ஊற்றுகிற தண்ணீர் அறைக்குள் வராமலிருக்கத்தான் இவ்வளவும். வெளிநாட்டிலிருந்து வந்திறங்குகிற துப்புரவு ரோபோக்களுக்கு இந்த வாட்டமும் தெரியாது, இந்தக் கட்டும் தெரியாது.

நான் காங்கேசன்துறையில் மின்சாதனங்கள் திருத்துகிறவள். அப்பா இங்கிருந்த சீமெந்துத் தொழிற்சாலையில் மின்பகுதியில் வேலை செய்தார். 1990இல் போரால் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது ஒரு மீற்றரும், குறடு, ஸ்குரூட்ரைவர் போட்ட தகரப்பெட்டியும் அவரோடு வந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்ட் இல்லாத அந்த ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்க வைத்தவர்களில் அவரும் ஒருவர். பக்கத்தில் இருந்து பிடித்துக் கொடுத்துப் பழகியதுதான் என்னுடைய தொழிற்கல்வி. இராணுவம் பிடித்திருந்த காணியை விட்டபிறகு ஊருக்குத் திரும்பி, வீட்டு முன்னறையில் கடை போட்டேன். மின்விசிறி, தண்ணி மோட்டர், கிரைண்டர் என்று வந்துகொண்டிருந்த மேசைக்குச் சில காலமாக வட்டமான, தட்டையான இந்தப் பெட்டிகளும் வருகின்றன. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பியவை.

அனுப்புகிற பிள்ளைகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அவர்களின் பயம் நியாயமானது. தாய் தனிய இருக்கிறா, குளியலறை ஈரமாக இருக்கிறது, குனிந்து உரஞ்சினால் முழங்கால் நோகிறது, நிமிரும்போது தலை சுற்றுகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். கடைக்கு வந்த ஒரு அம்மாவின் மகன் வட்ஸ்அப்பில் கேட்டார்: “அக்கா, அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. அவ குனிஞ்சு கழுவக்கூடாதெண்டுதான் காசைப் பாக்காமல் வாங்கி அனுப்பினனான். ஏன் அது வேலை செய்யுதில்லை?” தாய் பக்கத்தில் நின்று சொன்னா: “பிள்ளை, பாத்ரூமுக்குள்ள போகுது. போனால் திரும்பி வருகுதில்லை.”

போய்த் திரும்பாததற்குக் காரணம் அதன் அடிவயிற்றில் இருக்கிறது. இந்த ரோபோக்களைக் கவிழ்த்துப் பார்த்தால் விளிம்போரமாகச் சின்னச் சின்னக் கண்கள் தெரியும். ஒரு கண் அகச்சிவப்பு ஒளியைத் தரையை நோக்கி அனுப்பும், பக்கத்துக் கண் தெறித்து வரும் ஒளியைப் பிடிக்கும். ஒளி திரும்பி வந்தால் கீழே தரை இருக்கிறது, வராவிட்டால் மாடிப்படி விளிம்பு. மாடியிலிருந்து உருண்டு விழாமல் காப்பாற்ற இது நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் குளியலறைப் பதிவு மாடிப்படி அளவுக்கு ஆழமில்லை. வெளிர்நிறத் தரை இரண்டு அங்குலம் கீழே இருந்தாலும் போதிய ஒளி திரும்பிவிடும். தரை இருக்கிறது என்று நம்பி இயந்திரம் இறங்கிவிடும். ஏற முடியாது. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை முக்கால் அங்குலத்துக்கு மேல் ஏறாதவை. சக்கரத்தை உயர்த்தி இன்னும் கூடுதலாக ஏறும் மாதிரிகள் இப்போது வந்துவிட்டன, அவற்றின் விலை வேறு.

இறங்கியபின் இன்னொரு தொல்லை. ஈரமான, கடுநிற ரைல்ஸில் தண்ணீர்ப் படலம் கண்ணாடிபோல் நடந்துகொள்ளும். சாய்வாக விழுந்த ஒளி மறுபக்கம் தெறித்துப் போய்விடும், பிடிக்கிற கண்ணுக்கு வந்து சேராது. இப்போது இயந்திரம் சமதரையைப் பள்ளம் என்று நினைக்கிறது. பின்வாங்குகிறது, திரும்புகிறது, அங்கும் பள்ளம். நின்றுவிடுகிறது. உண்மையான பள்ளத்தில் இறங்கிய அதே இயந்திரம், தண்ணீர் மினுங்குகிற இடத்தில் பயந்து நிற்கிறது. கருவியில் பழுது எதுவும் இல்லை. அது செய்யப்பட்டது உலர்ந்த வீட்டுக்கு.

அதன் பிறப்பைப் பார்த்தால் இது விளங்கும். ஸ்வீடனின் எலெக்ட்ரோலக்ஸ் கம்பனி 2001இல் ட்ரைலோபைட் என்ற ரோபோவை விற்பனைக்கு விட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஐரோபோட் கம்பனி ரூம்பாவைக் கொண்டுவந்தது. இரண்டும் தூசி உறிஞ்சிகள். கம்பளம் விரித்த, குளிர்தேச வீடுகளின் தூசிக்காகப் பிறந்தவை. அந்த வீடுகளில் குளிப்பது தொட்டிக்குள் அல்லது கண்ணாடிக் கூண்டுக்குள். வெளித்தரை நனையாது. தண்ணீர் பிற்பாடுதான் சேர்ந்தது: தூசி உறிஞ்சிக்குப் பின்னால் ஒரு சின்னத் தண்ணீர்த் தாங்கி, அதன் கீழே ஒரு துணி. இன்றைக்கு விற்கிற பெரும்பாலான ‘துடைக்கும்’ ரோபோக்களின் பரம்பரை இதுதான்.

ஈரத்தை ஈரமாகவே எண்ணிச் செய்த முயற்சிகள் இல்லாமலில்லை. இதே ஐரோபோட் 2005இல் ஸ்கூபா என்ற ஒன்றை விட்டது. அது தண்ணீரை விட்டு, தூரிகையால் உரஞ்சி, அழுக்குத் தண்ணீரை ரப்பர் விளிம்பால் வழித்து உறிஞ்சி வேறொரு தாங்கியில் சேர்த்தது. நல்ல தண்ணீர் ஒருபுறம், கெட்ட தண்ணீர் ஒருபுறம். 2011இல் அதன் சின்னத் தம்பி வந்தது: ஆறரை அங்குல விட்டம், கொமோட்டுக்குப் பின்னாலும் நுழையக்கூடிய அளவு. 2016இல் பிராவா ஜெட் என்ற சதுர வடிவ ரோபோவைச் சமையலறைக்கும் குளியலறைக்கும் என்றே விற்றார்கள். சதுரம் என்றபடியால் மூலைவரை எட்டும். இந்த மூன்றிலும் ஒரு நேர்மையான சிந்தனை இருந்தது என்பது என் அபிப்பிராயம். ஸ்கூபாவைப் பிறகு நிறுத்திவிட்டார்கள். சந்தை மற்றப் பக்கம் போய்விட்டது. கூட்டவும் துடைக்கவும் ஒன்றே போதும் என்று 35 சென்ரிமீற்றர் அகல வட்டங்களும், அவற்றின் துணியைக் கழுவிக் காயவைக்கும் பெரிய தரிப்பிடங்களும் வந்தன. ஐரோபோட் கம்பனியே 2025 டிசம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. குளியலறைக்கென்று தனியாக யோசிப்பது அந்தத் தொழிலில் ஓரம்கட்டப்பட்டுவிட்டது.

அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துக் குளியலறை பலவற்றின் அகலம் நாலடி, ஐந்தடி. அதற்குள் கொமோட், வாளி, பேசின், உடுப்புத் தோய்க்கிற கல் அல்லது ஸ்ரூல். கொமோட்டின் அடிப்பாகத்துக்கும் சுவருக்கும் இடையில் என் கை நுழையும், ஒரு அடிக்கு மேல் அகலமான வட்டம் எப்படி நுழையும்? அழுக்கு சேருவதோ அந்த இடுக்கில்தான். வட்டத்துக்கு மூலையும் எட்டாது. ஆக நடுத்தரையைத் துடைத்துவிட்டு முடிந்தது என்று ஃபோனுக்குச் செய்தி அனுப்புகிறது. நடுத்தரை ஏற்கெனவே ஆள் நடந்து, தண்ணீர் ஓடிச் சுத்தமாக இருக்கிற இடம்.

குந்தியிருக்கும் கக்கூஸ் உள்ள வீடுகளும் இங்கே நிறைய. அந்தக் கோப்பை தரையோடு தரையாக இருக்கும். வழுவழுப்பான வெள்ளை விளிம்பு உள்நோக்கிச் சரியும், கண்கள் ‘தரை இருக்கிறது’ என்றே சொல்லும். ஒரு சக்கரம் உள்ளே இறங்கினால் கதை முடிந்தது. அப்படி இறங்கிய இயந்திரங்களைக் கையுறை போட்டுக் கழுவித்தான் திறந்திருக்கிறேன். வளவின் பின்பக்கம் கிணற்றடிக்குப் போகிற வழியில் கக்கூஸ் இருக்கிற பழைய வீடுகளுக்கோ இந்த ரோபோவால் எந்தப் பயனும் இல்லை. முற்றத்து மணலைத் தாண்டி அது எப்படிப் போகும்? மழைக்காலத்து இரவில் அந்த வளவைத் தாண்டிப் போகிற வயதான அம்மாக்களுக்குத்தான் உதவி கூடுதலாகத் தேவை.

ஒரு இயந்திரம் எவ்வளவு அழுத்தி உரஞ்சும்? தன் எடையை மீறித் தரையை அழுத்த அதனால் முடியாது. மூன்று நாலு கிலோ எடை, அதிலும் பெரும்பகுதி சக்கரங்களில். சக்கரம் பிடிக்காவிட்டால் நகராது என்றபடியால் முழு எடையையும் துணிக்குக் கொடுக்கவும் வழியில்லை. நாங்கள் தும்புத்தடியை இரண்டு கையாலும் பிடித்து உடம்புப் பாரத்தைப் போட்டு உரஞ்சுகிறோம். சவர்க்கார நுரையில் அதன் ரப்பர்ச் சக்கரம் வழுக்கும். சக்கரம் சுற்றிய கணக்கை வைத்துத்தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்று அது கணிக்கிறது. நின்ற இடத்திலேயே சுற்றியதையும் போன தூரமாக எழுதிக்கொள்ளும். வாட்டத்தில் மெல்லச் சறுக்கி இறங்கியதை எழுதிக்கொள்ளாது. லேசர்க் கண் வைத்தவை இதைத் திருத்தப் பார்க்கும், ஆனால் நிலைக்கண்ணாடியும் பளபளக்கும் சுவர் ரைல்ஸும் லேசரைத் திசைமாற்றிவிடும். வரைபடத்தில் எங்கள் ஐந்தடிக் குளியலறைக்கு இல்லாத ஒரு அறை முளைத்திருப்பதை வாடிக்கையாளரின் ஃபோனில் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் மேலாக என்னைக் கோபப்படுத்துகிற ஒன்று உண்டு. எங்கள் வீடுகளில் குளியலறைத் தும்புத்தடி குசினிக்குள் வராது. கக்கூஸுக்கென்று ஒரு சோடிச் செருப்பு வாசலில் கிடக்கும், அது உள்ளே வராது. இதை யாரும் எழுதிவைத்துப் படிப்பிக்கவில்லை, சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இந்த இயந்திரமோ கொமோட்டைச் சுற்றித் துடைத்த அதே துணியோடு, அதே சக்கரங்களோடு, குசினிக்கும் சாமியறை வாசலுக்கும் போகிறது. துணியைத் தரிப்பிடத்தில் வெந்நீரில் கழுவும் மாதிரிகள் இப்போது வந்திருக்கின்றன, நல்லது. சக்கரத்தைக் கழுவுகிற ஒன்றும் என் மேசைக்கு வந்ததில்லை. குளியலறையைக் கடைசியாகச் செய்யும்படி ஃபோனில் ஒழுங்கு வைக்கலாம் என்பார்கள். கடைசியாகச் செய்துவிட்டுத் தரிப்பிடத்துக்குத் திரும்பும் வழி எது? விறாந்தையும் மண்டபமும்தான். ஒரு துப்புரவுக் கருவியை வடிவமைக்கிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது. வீடு முழுவதற்கும் ஒரே கருவி என்று தீர்மானித்த அன்றே இந்தக் கேள்வி கைவிடப்பட்டிருக்கிறது.

இனி எங்கள் தண்ணீருக்கு வருகிறேன். காங்கேசன்துறையின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லை வெட்டித்தான் 1950 முதல் நாற்பது ஆண்டுகள் சீமெந்துத் தொழிற்சாலை ஓடியது. அப்பாவின் சம்பளம் அந்தக் கல்லிலிருந்து வந்தது. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. கீரிமலையில் கடலோரக் கேணிக்குள் ஊற்றெடுப்பதும், வலிகாமத்துக் கிணறுகளில் ஊறுவதும் அந்தக் கல்லினூடாக வந்த தண்ணீர்தான். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது கரைந்துபோன அதே கல். தண்ணீர் கொதித்தாலோ காய்ந்தாலோ கல் மறுபடி கல்லாகிவிடும்.

ரோபோவின் தண்ணீர்த் தாங்கியிலிருந்து துணிக்குப் போகும் குழாய் ஈர்க்கு அளவு மெல்லியது. பம்பின் வாய் அதிலும் சிறியது. ஒரு நாள் ஓடவிட்டு நாலு நாள் சும்மா வைத்தால் அந்தத் துளையில் தண்ணீர் காய்ந்து கல் பிடிக்கும். கொஞ்சக் காலத்தில் அடைத்துவிடும். ‘தண்ணி வருகுதில்லை’ என்று வருகிறவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நோய் இதுதான். வினாகிரியைத் தண்ணீரில் கலந்து விட்டு, ஊறவைத்து, மெல்லிய கம்பியால் எடுப்பேன். பம்பைக் கழற்றாமல் இதைச் செய்ய எந்த வாசலும் வைக்கவில்லை. சின்ன ஒரு மூடி, கையால் திருகிக் கழற்றக்கூடியதாக வைத்திருந்தால் அந்த அம்மாவே வீட்டில் செய்துகொள்வா. கடினநீர் எங்களிடம் மட்டும் உள்ளதா? லண்டன் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர்தான்.

கல் பிடிப்பது இயந்திரத்துக்குள் மட்டுமல்ல. ரைல்ஸிலும் கொமோட்டிலும் மஞ்சளாக, வெள்ளையாகப் படிந்திருப்பது அதே சுண்ணாம்பு, அதோடு இரும்பும் சவர்க்காரமும். அதை வெறும் தண்ணீரும் துணியும் அசைக்காது. அமிலம் வேண்டும். அதனால்தான் ஹாபிக் போன்ற ஐதரோகுளோரிக் அமிலம் கலந்த திரவங்களை ஊற்றுகிறோம். ரோபோக்களோடு வருகிற கைநூல்களோ தாங்கியில் தண்ணீரும் தங்கள் கம்பனித் திரவமும் தவிர வேறெதையும் விடாதே என்கின்றன. காரணம் சரி: அமிலம் பம்பின் ரப்பரையும் உலோகத்தையும் தின்றுவிடும். அப்படியானால் குளியலறையின் முதன்மை அழுக்கைக் கழுவ இது செய்யப்படவில்லை என்றுதானே அர்த்தம்? இந்த இடத்தில் வீட்டுக்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், ரோபோ இருந்தாலும் இல்லாவிட்டாலும். அமிலத் திரவத்தையும் பிளீச்சிங்கையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன அறையில், யன்னல் பூட்டியிருந்தால் அது நெஞ்சை அடைக்கும், ஆளையே கொல்லலாம். தரையில் ஒன்றை ஊற்றிவிட்டு இயந்திரத்தின் தாங்கியில் மற்றதை நிரப்பி அனுப்புவதும் சேர்ப்பதுதான்.

பிறகு கடல். எங்கள் வீட்டிலிருந்து அலைச்சத்தம் கேட்கும். உப்புக்காற்று ரேடியோவையும் விடாது, ரிவியையும் விடாது. ரோபோவின் வயிற்றில் பற்றறி ஏற்ற இரண்டு உலோகத் தகடுகள் வெளியே தெரிய இருக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்து அவை பச்சை பூத்துவிடும். தரிப்பிடத்தில் சரியாகப் போய் நிற்கும், பற்றறி ஏறாது. எலுமிச்சம்புளியும் துணியும் போட்டுத் தேய்த்தால் கொஞ்ச நாள் போகும். பல் விளக்குகிற மின்தூரிகையைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு ஒரு விசயம் தெரியும்: அதில் உலோகத் தகடே வெளியில் இருக்காது. குளியலறையில் வாழப்போகிற சாதனம் என்று தெரிந்து, பிளாஸ்ரிக் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சுருள், அந்தப் பக்கம் ஒரு சுருள் வைத்து, தொடாமலே மின்னேற்றும்படி செய்தார்கள். பல ஆண்டுகளாக, மலிவாக, உலகமெங்கும் ஓடுகிற உத்தி. நீச்சல்தடாகம் கழுவும் ரோபோக்கள் தண்ணீருக்கு அடியிலேயே வேலை செய்கின்றன. அடைப்பதற்குத் தெரியாதவர்கள் இல்லை. தரைத்துடைப்பான் செய்கிறவர்கள்தான் இயந்திரம் நனையும் என்று எண்ணவில்லை.

பெட்டியில் ஐபிஎக்ஸ் என்று ஒரு குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பக்கத்தில் 4 என்றிருந்தால் எந்தத் திசையிலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் தாங்கும். குறியீடே இல்லாவிட்டால் அந்தக் கருவியை ஆள் குளிக்கிற இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

கமராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. 2022 டிசம்பரில் எம்ஐரி ரெக்னோலஜி றிவியூ என்ற அமெரிக்கச் சஞ்சிகை ஒரு செய்தி வெளியிட்டது. பரீட்சார்த்தமாக ஓடவிட்ட ரூம்பா ரோபோக்கள் 2020இல் எடுத்த படங்களில் கழிவறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் இருந்தது. படங்களுக்குப் பெயரிடும் வேலை எடுத்த வெனிசுவேலாத் தொழிலாளர்கள் ஊடாக அவை வெளியே கசிந்தன. அவை சம்மதம் பெற்ற பரிசோதகர்களின் வீடுகளில் ஓடிய, விற்பனைக்கு வராத இயந்திரங்கள் என்று கம்பனி சொன்னது. 2024இல் எகோவாக்ஸ் கம்பனியின் ரோபோக்கள் சிலவற்றை அமெரிக்காவில் யாரோ ஊடுருவி, அவற்றின் ஒலிபெருக்கியால் வீட்டுக்காரரைத் திட்டினார்கள். கமரா உள்ள எதுவும் குளியலறைக்குள் போகக்கூடாது. அவ்வளவுதான்.

தொலைவிலிருந்து இயக்குவதிலும் ஆபத்து இருக்கிறது. ஒரு வீட்டில் மகன் வேலை முடிந்து மாலை ஐந்து மணிக்கு ரொறன்ரோவில் இருந்து பொத்தானை அழுத்துவாராம். கோடையில் அது இங்கே அதிகாலை இரண்டரை. சலம் போக எழும்புகிற நேரம். இருட்டில் காலடியில் ஒரு பெட்டி ஊருவது தாய்க்குத் தெரியவில்லை. சுவரைப் பிடித்துத் தப்பிவிட்டா. இயந்திரத்தில் ஒரு பெரிய பொத்தான் வைத்து, அதை வீட்டில் இருக்கிறவர் அழுத்தினால் மட்டும் குளியலறைக்குள் போகும் என்று செய்திருந்தால் இது நடந்திராது. ஆனால் ஃபோன், வைபை, ஆங்கிலத்தில் ஒரு கணக்கு, கடவுச்சொல் எல்லாம் இருந்தால்தான் பல கருவிகள் முழுதாக வேலை செய்கின்றன. அந்த அம்மாவின் கையில் அதிகாரம் எதுவும் இல்லை.

கழிவறையைக் கழுவவே செய்யப்பட்ட ரோபோக்களும் உண்டு. நியூயோர்க்கின் சோமாட்டிக் கம்பனி கையுள்ள ஒரு இயந்திரத்தை வணிகக் கட்டடங்களின் கழிவறைகளுக்கு விடுகிறது. அது திரவம் தெளிக்கிறது, கழுவுகிறது, ஈரத்தை உறிஞ்சுகிறது. ஆனால் அகலமான கதவும் படியில்லாத வழியும் வேண்டும். எங்கள் வீட்டுக்குள் அது நுழையாது.

நல்ல வடிவமைப்பு எப்படிப் பிறக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த கிட்டிய உதாரணம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எங்கள் துறைமுகத்துக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் 2023 ஒக்ரோபரில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. அந்தக் கரையில், சென்னை ஐஐடியில், பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் குழுவினர் ஹோமோசெப் என்ற இயந்திரத்தைச் செய்தார்கள். மலக்குழிக்குள் மனிதர் இறங்கி மூச்சுத்திணறி இறப்பதை நிறுத்தவேண்டும் என்பது நோக்கம். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: உறிஞ்சி லொறி இருக்கும்போதும் ஏன் மனிதர் இறங்குகிறார்? அடியில் இறுகிக் கிடக்கும் மண்டியைக் குழாய் உறிஞ்சாது, அதனால். எனவே ஒரு கோலின் நுனியில் சுழலும் அலகுகளை வைத்து, மேலிருந்தே இறக்கி, மண்டியைக் கலக்கிக் கூழாக்கி, பிறகு உறிஞ்ச வைத்தார்கள். சஃபாய் கர்மசாரி அந்தோலன் என்ற தொழிலாளர் இயக்கத்தின் துணையோடு 2022இல் முதல் இயந்திரங்கள், கழிவுத்தொட்டியில் கணவரை இழந்த பெண்கள் முன்னின்று நடத்தும் சுயஉதவிக் குழுக்களிடம் போயின. கேரளத்தில் ஜென்ரோபோட்டிக்ஸ் கம்பனி இளைஞர்கள் 2018இல் திருவனந்தபுரத்தில் இறக்கிய பண்டிகூட் என்ற சாக்கடை ரோபோவும் இப்படித்தான். சாக்கடைக்குள் இறங்கிய தொழிலாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, மேலே நின்று திரையைப் பார்த்து இயக்குகிறவர்களாக ஆக்கினார்கள்.

அங்கே தொழிலாளியின் உடம்பு எங்கே வருந்துகிறது என்பதிலிருந்து இயந்திரம் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு வரும் ரோபோ, தூசி உறிஞ்சியை இன்னும் எதற்கெல்லாம் விற்கலாம் என்பதிலிருந்து தொடங்கியது. யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி குளியலறை கழுவுவதை ஒரு பொறியியலாளர் வாசலில் நின்று ஒருமுறை பார்த்தாலே போதும். முதலில் வாளியையும் ஸ்ரூலையும் வெளியில் எடுப்பா. அமிலத்தை ஊற்றி ஊறவிடுவா. கொமோட்டின் அடியிலும் மூலையிலும் குனிந்து உரஞ்சுவா, நோவு அங்கேதான். தண்ணீர் அடித்துக் கழுவி, எல்லாத் தண்ணீரையும் தும்புத்தடியால் துவாரத்துக்குத் தள்ளுவா. தரை காய்ந்ததா என்று உள்ளங்காலால் தொட்டுப் பார்ப்பா. சந்தையில் உள்ள ரோபோ இந்த வேலைகளில் எதைச் செய்கிறது? ஊறிய துணியை நடுத்தரையில் இழுத்து, காய்ந்திருந்த தரையில் ஈரப் படலத்தை விட்டுப்போகிறது. விழுவதைத் தடுக்க வாங்கிய கருவி தரையை நனைத்து வைக்கிறது.

எனக்குக் கிடைத்தால் போதும் என்று நினைப்பது மிகச் சின்ன ஒன்று. குளியலறையிலேயே தங்கி, வெளியே வராதது. ஸ்கூபா போல் ரப்பர் விளிம்பு வைத்து, வாட்டத்தோடு சேர்ந்து தண்ணீரைத் துவாரத்துக்குத் தள்ளித் தரையைக் காயவைப்பது. வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடிய உடம்பு, அமிலம் தின்னாத பிளாஸ்ரிக், தொடாமல் ஏறும் பற்றறி, சுவரோரம் மாட்டும் ஒரு கொக்கி, ஒரு பொத்தான். இடுக்கை உரஞ்சுவதற்கு, நின்றபடியே பிடிக்கக்கூடிய நீண்ட கைபிடியில் சுழலும் தூரிகை. அது ரோபோவே அல்ல, இப்போதே கடைகளில் இருக்கிறது. தண்ணீர் தாங்கும் குறியீடு பார்த்து வாங்குங்கள். என்னைக் கேட்கிற பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் சொல்கிறேன். மிச்சக் காசில் கொமோட்டுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கைபிடிக் கம்பியும், வழுக்காத சொரசொரப்பு ரைல்ஸும் போட ஒரு மேசனைப் பிடிக்கலாம்.

அப்படியும் ரோபோதான் அனுப்பவேண்டும் என்றால், பெட்டியை ஒட்டுவதற்கு முன் அதன் தரிப்பிடத்தின் அடியில் உள்ள சிட்டையைப் பாருங்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. தனியாக ஒரு சின்ன அடப்ரருடன் வருகிற எளிய ரோபோக்களில் ‘100 – 240’ என்று எழுதியிருக்கும், அவற்றுக்குப் பிளக் மாற்றினால் போதும். குப்பையைத் தானே உறிஞ்சி எடுக்கிற, வெந்நீரில் துணி கழுவுகிற பெரிய தரிப்பிடங்களில் மோட்டரும் சூடாக்கியும் நேரே வீட்டு மின்சாரத்தில் ஓடும். அவற்றில் ‘120’ மட்டும் இருந்தால், இங்கே செருகியவுடனே புகை வரும். அப்படிக் கருகியவை என் தட்டில் அடுக்கியிருக்கின்றன, அவற்றுக்குப் பாகமும் கிடைப்பதில்லை. சிட்டையை ஒரு படம் எடுத்து ஊரில் திருத்துகிற யாருக்காவது முதலில் அனுப்புங்கள். குளியலறை வாசற்கட்டின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து சொல்லும்படி அம்மாவிடமும் கேளுங்கள்.